தொட்டியா, ஆறா?

விடியுமுன்பே தோல் ஆலையின் சுண்ணாம்புக் குழியருகே நின்றாக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் நாற்றம் கண்ணைக் கரிக்கும். ஊறிய தோல் ஒவ்வொன்றும் ஓர் ஆளின் கனம். இடுக்கியால் கவ்வி, இடுப்பு ஒடிய இழுத்து, வழுக்கும் கல்தளத்தில் போட வேண்டும். அங்கே தோல் தூக்கும் பெண்களின் விரலிடுக்குகளைச் சுண்ணாம்பு தின்றிருந்தது. அவர்களில் மூத்தவளை ஆலையில் எல்லோரும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவளுடைய தம்பியும் அங்கேதான் வேலை செய்தான். வாயாடி என்று அவனுக்குப் பெயர்.

அன்று கழிவுத் தொட்டியின் பம்பு அடைத்துக்கொண்டது. மேஸ்திரி வாயாடியைத் தேடி வந்தார்.

"இறங்கிச் சேத்தை வாரிடு. பம்பு ஓடணும்."

"முகமூடி?"

"சொல்லியிருக்கு. வந்துக்கிட்டிருக்கு."

"போன மழைக்கே கிளம்பிடுச்சுன்னீங்க. நடந்தா வருது?"

குழியருகே நின்ற பெண்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. முடியாது என்றால் நாளைக்கு வேலை இருக்காது என்பது வாயாடிக்குத் தெரியும். ஏணியில் நின்றபடி, "எனக்கும் சோறு எடுத்து வை அக்கா, தனியாத் தின்னுடாத" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

கொஞ்ச நேரம் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. அவன் பேச்சுச் சத்தம் கேட்காததுதான் அவளை உறுத்தியது. இடுக்கியைப் போட்டுவிட்டு ஓடினாள். கயிற்றைக் கட்டி மேலே தூக்கியபோது அவன் உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மூச்சு இல்லை.

வீட்டில் உடலைக் கழுவினார்கள். குடம் குடமாய் ஊற்றியும் ஆலை நாற்றம் போகவில்லை. அவன் மனைவி குடத்தைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள்.

"அவர் மேல இருந்து வரல, அண்ணி. தண்ணியிலயே இருக்கு."

ஆற்றோரக் கிணற்றில் இறைத்த தண்ணீர் அது. அவர்கள் குடிப்பதும் அதைத்தான்.

அக்கா வேலைக்குத் திரும்பிய காலையில் முதலாளி எல்லோரையும் தொட்டியருகே கூட்டினார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"இனி இதுக்குள்ள யாரும் இறங்க வேணாம். எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு. முன்ன ஒரு தடவை செஞ்ச மாதிரி பின்பக்கத்துப் பழைய வால்வைத் திறந்துடலாம். கழிவு நேரா ஆத்துக்குப் போகட்டும். உங்க உசிருக்காகத்தான் சொல்றேன்."

கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது. நல்லதுதானே என்று யாரோ முணுமுணுத்தார்கள். மேஸ்திரி வால்வுச் சாவியை அக்காவிடம் நீட்டினார். "நீயே திற. உன் தம்பிக்குச் செய்யற நியாயம்."

அவள் வாங்கிக்கொண்டாள். திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். மிச்சமிருப்பவர்களாவது பிழைக்கட்டும். ஆனால் குடத்தை முகர்ந்த அந்த முகம் கண்முன் வந்து நின்றது.

"தொட்டியில நாங்க சாகணும், இல்லேன்னா ஆறு சாகணும். ரெண்டுல ஒண்ணுதானா, ஐயா? கழிவைச் சுத்தம் பண்ற மிஷின் போட்டா ரெண்டும் பிழைக்குமே."

"அதைப் போட்டா நான் ஆலையை மூட வேண்டியதுதான். ஆறு என்ன உங்க பாட்டன் சொத்தா?"

"யாரோட பாட்டன் சொத்தும் இல்லைங்க. நம்ம எல்லாருக்கும் முன்னாலயே ஓடிட்டிருக்கு. ஓடறது அதோட உரிமை. மூச்சு விடறது எங்க உரிமை. ரெண்டுமே நீங்க குடுத்தது இல்ல."

"ஆறு உன்கிட்ட வந்து அழுதுச்சா? அதுக்கு வாயா இருக்கு?"

"வாய் இருந்தவன் கேட்டானே. அவன் பேச்சு உங்க காதுல ஏறுச்சா?"

பின்வரிசையில் ஒருத்தி இடுக்கியைக் கீழே போட்டாள். கல்தளத்தில் அது கணீரென்றது. அடுத்து இன்னொன்று விழுந்தது.

"எல்லாரும் வெளியே போங்க," என்றார் முதலாளி. "ஆளுக்கா பஞ்சம்?"

வாயிற்கதவு அவர்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டது.

"நீ பாட்டுக்குச் சொல்லிட்ட," என்றாள் இடுக்கியை முதலில் போட்டவளே. "இனி எங்க அடுப்புல பூனை தூங்கும்."

"என் அடுப்புலயும்தான்," என்றாள் அக்கா.

சாவி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. ஆலைக்குப் பின்னால் அந்த வால்வுக் குழாய் ஆற்றில் இறங்கும் இடத்துக்கு நடந்தாள். மற்றவர்களும் தயங்கித் தயங்கிப் பின்னால் வந்தார்கள். கரையிலிருந்த மீனவர்கள் துடுப்புகளோடு எழுந்து நின்றார்கள். பெரிய மீசைக்காரர் ஒருவர் கூடையைக் கவிழ்த்தார். வெள்ளை வயிறுகளோடு செத்த மீன்கள் சரிந்தன.

"போன தடவையும் உங்க கைதானே திறந்துச்சு?"

"எங்க கைதான்," என்றாள். "இந்தத் தடவை திறக்கல. அதான் வெளியே நிக்கிறோம்."

சாவியை நீட்டினாள். மீசைக்காரர் சாவியைப் பார்க்கவில்லை. அரித்துப்போன அவள் விரல்களையே பார்த்தார். பிறகு தம் கால்களைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே புண்ணாகிக் கிடந்தது.

"இந்தத் தண்ணியில நிக்கிற காலு," என்றார். துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, "உக்காருங்க" என்றார்.

மறுநாள் காலை வெளியூர் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி வந்தது. முன்னால் மேஸ்திரி, வேறொரு சாவியோடு. வால்வை மறைத்துக் குழாயின்மேல் தொழிலாளிகளும் மீனவர்களும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"எந்திரிங்க. போலீசுக்குச் சொல்லியாச்சு."

யாரும் எழவில்லை. அக்கா லாரியைப் பார்த்துக் கேட்டாள்: "தம்பிங்களா, என்ன வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தாங்க?"

"தோல் தூக்கற வேலைன்னாங்க," என்றான் ஓர் ஒல்லியான ஆள்.

"இன்னைக்கு இந்த வால்வைத் திறக்கச் சொல்வாங்க. இதுவும் அடைச்சா தொட்டியில இறங்கச் சொல்வாங்க. என் தம்பி அதுக்குள்ளதான் செத்தான்."

ஒல்லியானவன் மேஸ்திரியிடம் திரும்பினான். "நிஜமா?"

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்," என்றார் மேஸ்திரி.

அவன் லாரியிலிருந்து குதித்தான். நேராகக் குழாயருகே வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான். தூரத்தில் ஜீப்பின் புழுதி எழுந்துகொண்டிருந்தது. லாரிக்குள் மற்றவர்கள் ஏதோ பேசிக்கொண்டார்கள். இன்னொருவன் பக்கப்பலகையைத் தாண்டிக் காலை வெளியே போட்டான்.

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்க," என்றாள் அக்கா. "ஆளுங்க இறங்குறாங்க."