வாயில் குண்டூசி

தையற்கடை மாஸ்டருக்கு வாய் சும்மா இருக்கிற நேரம் ஒன்றே ஒன்றுதான். உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ஆள்மேல் துணியை வைத்துப் பார்த்து மடிப்புக் குத்துகிற நேரம். ஊசி தீர்ந்ததோ இல்லையோ, ஆரம்பித்துவிடுவார். கொஞ்சம் பருமனான ஆள் வந்தால், "இதுக்கு டேப்பு பத்தாது, கயிறு கொண்டாங்கப்பா!" என்று கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம். குள்ளமானவர் வந்தால், "மிச்சத் துணியில வீட்ல எல்லாருக்கும் தைச்சிடலாம் சார்." சொல்லிவிட்டு, யார் யார் சிரிக்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்ப்பார். எவராவது முகம் சுளித்தால், "சும்மா தமாஷுக்குங்க" என்று பூட்டுப் போட்டுவிடுவார். அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? வந்தவரும் சிரித்து வைத்துவிட்டுப் போவார்.

இதை வைத்துக்கொண்டு, தான் போகிற இடமெல்லாம் கலகலப்பு என்று மனுஷர் மனதார நம்பிக்கொண்டிருந்தார். நம்பட்டும், யார் தடுத்தது? ஆனால் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றும்போது, சமையலறைப் பேச்சு காதில் விழுந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை அவரைக் கூட்டிட்டு வரேம்மா" என்றாள் மகள். "அப்பா மட்டும் கடையிலயே இருக்கட்டுமே. ஏதாவது சாக்கு சொல்லி வை."

"என்னடி பேசற நீ? உன்னைக் கட்டிக்கப்போறவரை உங்கப்பா பார்க்க வேணாமா?"

"அவருக்குப் பேச்சு திக்கும்மா. அப்பா சும்மா விடுவாரா? உட்கார்ந்ததும் அதே மாதிரி பேசிக் காட்டுவார். அவரும் சிரிப்பார். ஆனா அதுக்கப்புறம் இந்த வாசப்படி ஏற மாட்டார். அப்படி ஆயிடுச்சுன்னா நானும் இங்க வர மாட்டேம்மா, சொல்லிட்டேன்."

'நான் என்ன, கடிச்சா வெச்சுடுவேன்?' என்று கேட்க மாஸ்டருக்கு வாய் துடித்தது. கால்தான் உள்ளே போக மறுத்தது. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கடைக்கே திரும்பினார். பசி போன இடம் தெரியவில்லை. என் தமாஷைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து வளர்ந்த பெண்ணாயிற்றே, இவளுக்கே நான் வேண்டாதவனா என்று மனது பொருமியது. அந்தக் கோபத்தில் ஒரு நல்ல கால்சட்டைக்கு இரண்டு இடது கால் வெட்டிவிட்டார்.

சாயங்காலம் வழக்கம்போல டிவி முன்னால் உட்கார்ந்தார். கட்டில், மேஜை, சோபா விற்கிற கடை ஒன்றில் நடக்கிற நகைச்சுவைத் தொடர் அது. அதில் வருகிற மேனேஜர் என்றால் மாஸ்டருக்கு உயிர். "என்னை மாதிரியே ஒருத்தன்" என்று பெருமை வேறு. அந்தத் தொடர் தொடங்கினதும் மகள் ஏதாவது வேலையிருக்கிறதென்று எழுந்துபோய்விடுவாள். அன்றும் போனாள். அது ஏன் என்று மாஸ்டர் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்றைய கதையில், சோபா விற்கிற குண்டு மனிதர் ஒரு வாடிக்கையாளருக்கு சோபாவில் உட்கார்ந்து காட்டப் போகிறார். மேனேஜர் ஓடி வந்து, "ஐயோ, நீ உட்காராதேப்பா! அப்புறம் விக்கிறதுக்கு சோபா வேணாமா?" என்கிறார். முதலில் சிரித்தவர் அந்தக் குண்டு மனிதர்தான். மாஸ்டரும் வயிறு குலுங்கச் சிரித்தார். மேனேஜர் போய்விட்டார். வழக்கமாகக் காட்சியும் அவர் பின்னாலேயே போகும். அன்றைக்குப் போகவில்லை, அந்த மனிதரின் முகத்திலேயே நின்றது. பின்னணிச் சிரிப்பும் அடங்கிவிட்டது. வாய் சிரித்தபடியே இருக்க, கண் மட்டும் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. கடையில் யாருமில்லை. உட்காரப் போனவர், உட்காராமல் சோபாவின் கையைத் துடைத்துவிட்டு ஓரமாய் நின்றுகொண்டார். மேனேஜர் மறுபடி உள்ளே வந்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே இவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

டிவியில் சிரிப்பு வெடித்தது. மாஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் கேட்கலாம் என்று மனைவி பக்கம் திரும்பி, "இந்தா..." என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குள் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து நின்றது.

மாஸ்டருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே சிரிப்பு! விருந்தாளிகள் முன்னால் அவளுடைய குறட்டையைப் பற்றி இவர் சொன்னபோது, அவளுடைய குழம்பைப் பற்றிச் சொன்னபோது, யார் முதலில் சிரித்தார்கள் என்று ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் இவள்தான்.

டிவியை அணைத்தார். "நான் ஏதாவது சொன்னா நீ ஏன் முதல்ல சிரிக்கிற?"

இன்னும் என்ன தமாஷ் வரப்போகிறதோ என்று அவள் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை என்றதும், "நான் முதல்ல சிரிச்சுட்டேன்னா, மத்தவங்க சிரிக்கறது அவ்வளவா வலிக்காதுங்க" என்றாள்.

இத்தனை வருஷமாக என்னைப் பொறுத்துக்கொண்டு ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாளே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிப்புக் கேட்கவும் தெரியாத வாய் அது, பழக்கமில்லை. "ஞாயித்துக்கிழமை நான் வீட்ல இருக்கலாமான்னு அவகிட்ட கேட்டுச் சொல்றியா?" என்றார். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. எழுந்துபோய் மகளிடம் என்ன பேசினாளோ, வந்து, "இருங்கன்னுதான் சொல்றா. ஆனா பயந்துட்டேதான் சொல்றா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். லிஃப்ட் பழுது பார்க்கிறவர் என்று மனைவி முன்பே சொல்லியிருந்தாள். ஆள் ஒல்லியாய், உயரமாய். மாஸ்டருக்குத் தன் நாக்கைத் தானே நம்ப முடியவில்லை. பத்திரத்துக்கு ஒரு வழி செய்துவைத்திருந்தார். "வாங்க மாப்பிள்ளை, உங்களுக்கு ஒரு சட்டை தைக்கணும்னு ஆசை" என்று எடுத்து வைத்திருந்த துணியை அவர் தோளில் போட்டார். போட்ட கையோடு குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டார்.

"நா... நா... நான்..." என்று ஆரம்பித்த மாப்பிள்ளைக்கு வார்த்தை அங்கேயே நின்றுவிட்டது.

மாஸ்டரின் நாக்கு நுனியில் சுடச்சுட ஒன்று வந்து உட்கார்ந்தது. 'என்ன மாப்பிள்ளை, லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சா?' அடடா, எப்பேர்ப்பட்ட தமாஷ்! தெருவே சிரிக்கும். உதடு அசைந்தது, ஊசி ஒன்று சுருக்கென்று குத்தியது. மகள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் மடிப்பைக் குத்திக்கொண்டே காத்திருந்தார்.

"நான் லிஃப்ட் ரிப்பேர் பண்றவன்" என்று மாப்பிள்ளை ஒருவழியாகச் சொல்லி முடித்தார். "என் வா... வார்த்தையும் அப்பப்ப நடுவுல நின்னுடும் மாமா. கதவைத் தட்டாதீங்க, தானா திறக்கும்." சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார்.

மாஸ்டருக்கு அந்தச் சிரிப்பு யாருடையது என்று இப்போது தெரியும். சேர்ந்து சிரிக்கவில்லை. ஊசிகளை ஒவ்வொன்றாய் எடுத்துக் மணிக்கட்டில் கட்டியிருந்த பஞ்சுப் பட்டையில் குத்தினார். எல்லாரும் அந்த வாயையே பார்த்தார்கள்.

"நின்னா நிக்கட்டும் மாப்பிள்ளை. எனக்கு ஒரு அவசரமும் இல்ல, நீங்க மெதுவா சொல்லுங்க. என் வாய்தான் எந்த மாடியிலயும் நிக்காம ஓடுது. இந்த வீட்ல எல்லாரும் அதுல மாட்டிக்கிட்டு முழிக்கிறாங்க. முடிஞ்சா அதை முதல்ல ரிப்பேர் பண்ணிக் குடுங்க."

மாப்பிள்ளை ஒரு கணம் திகைத்துவிட்டுச் சிரித்தார். இது வேறு சிரிப்பு, மெதுவாக வந்து கண்வரைக்கும் போனது. மகள் சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பா!" என்றாள்.

பழக்க தோஷத்தில் மாஸ்டர் ஒரு சுற்றுப் பார்த்தார். மனைவி சிரிக்கவில்லை. டீத் தட்டோடு நிலைப்படியில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, பாவம், இவளாவது எனக்காகச் சிரிக்க வேண்டாம் என்று அவர் குனிந்துகொண்டார். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்து, அடுத்த பேச்சுக்கே போய்விட்டார்கள். அப்போதுதான் மனைவியின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. "ரிப்பேராம்!" என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தட்டு ஆடி, டீ சிந்தி, தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இப்படிச் சிரிப்பாளா இவள்? மாஸ்டருக்கு இது புதிதாய் இருந்தது. பேர்கூடத் தெரியாத அந்த சோபாக்காரருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தவர், தன் கண் கலங்குவது தெரிந்து, பஞ்சுப் பட்டையிலிருந்து இரண்டு ஊசியை எடுத்து மறுபடி உதட்டில் வைத்துக்கொண்டார். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.