படலைக்கு வெளியே நின்று வாசிக்க

1

இந்தக் கதைக்குக் காரணம் இலக்கிய ஆசை இல்லை. ஹிதாயாவுக்குத் தொண்டை நொந்துவிட்டது, அவ்வளவுதான்.

அவள் கணக்கு ரீச்சர். நான் தமிழ் ரீச்சர். மன்னாரில் முசலிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் பல வருடம் ஒரே மேசையில் கொப்பி திருத்தியவர்கள். போன மாதம் வாட்ஸ்அப்பில் அவளுடைய குரல் வந்தது.

"நிறஞ்சலா ரீச்சர், வாற ஒவ்வொருத்தருக்கும் யன்னலால விளங்கப்படுத்தி என்ர குரல் போயிட்டு. நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே. என்ர கதையை எழுதித் தாங்கோ. ஃபோட்டோக் கொப்பி அடிச்சு வாசல் படலையில கட்டிவிடுறன். வாறவங்க வாசிச்சிட்டு அப்படியே திரும்பிப் போகட்டும்."

என்னிடம் இதுவரை ஒருவரும் கதை கேட்டு வாங்கியதில்லை. பத்திரிகைக்காரர்கூட நானாக அனுப்பினால்தான் போடுவார்கள். சந்தோசத்தில் உடனே ஓம் என்று அனுப்பினேன். அதன் பிறகுதான் அவள் நிபந்தனை போட்டாள்.

"ரெண்டே விசயம். கதையில என்னை மௌத்தாக்காதீங்கோ. சுகமாக்கவும் வேணாம்."

சாவும் இல்லாமல் சுகமும் இல்லாமல் ஒரு நோய்க் கதையை எப்படி முடிப்பது? நல்லவேளை, முடிவைப் பற்றி முதல் நாளே கவலைப்பட வேண்டியதில்லை.

2

முதல் தொடக்கம்: 'மன்னார்த் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் அந்த நீண்ட பாலத்தில் வான் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது, ஹிதாயா தன் இரண்டாவது பிறவியை—'

("கொழும்பிலயிருந்து முசலிக்கு வாறவள் பாலத்தில ஏன் ஏறுறாள்? முசலி பெருநிலத்திலதானே கிடக்கு. டிரைவருக்கு வழி தெரியாதா?" ஹிதாயாவின் குரல் பதிவு. பாலத்தை எடுத்துவிட்டேன். பிறவியும் அதோடு போய்விட்டது.)

இரண்டாவது தொடக்கம்: 'கடல் அன்றைக்கு வழக்கத்தைவிட அமைதியாக—'

("கடலை விடுங்கோ. நோயைச் சொல்லுங்கோ.")

சரி, நோய். பெயர் மல்டிப்பிள் ஸ்கெலரோசிஸ். உடம்பில் ஓடும் நரம்புகளுக்கு, கரண்டு வயருக்கு மேலே றப்பர் இருப்பதுபோல, ஓர் உறை இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய உடம்பின் காவல் படை, ஏனோ புத்தி மாறி, அந்த உறையைச் சுரண்டத் தொடங்குகிறது. ஹிதாயாவுக்கு முதலில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு கண் மங்கியது. பிறகு விரலிலிருந்து சோக்கு நழுவியது. பிறகு இடது கால். மருந்து மாற்றி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள், தாக்குதல் நிற்கவில்லை. கடைசியில் இந்தியாவில் ஓர் ஆஸ்பத்திரியில், அவளுடைய ஸ்டெம் செல்களையே எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு, கடும் மருந்து ஏற்றி அந்தப் படையை முழுதாகக் கலைத்தார்கள். பிறகு எடுத்து வைத்ததைத் திரும்ப ஏற்றினார்கள். அதிலிருந்து புதுப்படை முளைக்க வேண்டும்.

[இந்த இடத்தில் 'போராளி' என்று ஒரு சொல் போட்டிருந்தேன். அவள் வெட்டிவிட்டாள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைச் சும்மா எடுத்து யாருக்கும் சூட்ட முடியாது. எனக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.]

தலைமயிர் கொட்டி, நாக்கில் ருசி செத்து, அவள் ஊருக்குத் திரும்பியபோது உடம்புக்குக் காவல் என்று ஏறக்குறைய ஒன்றும் இருக்கவில்லை. குழந்தையில் போட்ட தடுப்பூசிகளைக்கூட இனிப் புதிதாகப் போட வேண்டும். ஒரு பிள்ளையின் சளித் தடிமன் போதும், அவளைத் திரும்ப ஆஸ்பத்திரிக் கட்டிலில் போட. படை முளைக்கும் வரை சில மாதங்களுக்கு ஆட்களோடு சேரக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இவ்வளவு பட்டும், போன கால் வந்துவிடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கள்ளன் வாற வழியைத்தான் அடைச்சிருக்காங்க, ரீச்சர். கொண்டு போனதை அவன் திருப்பித் தருவானா? காலை நான்தான் எடுக்கோணும்."

3

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. நிலத்தில் நெற்றி வைத்துத் தொழ வேண்டும், தொழுதுவிட்டு ஒருவர் கையையும் பிடிக்காமல் எழும்ப வேண்டும்.

நோயாளி நிலத்தில் குனியாமல் கதிரையில் இருந்தபடியே தொழலாம். அதில் குறை ஒன்றுமில்லை. தங்கை நுஹா அதைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள்.

"அல்லாஹ் லேசாக்கித் தந்திருக்கான், ராத்தா. கதிரையில தொழுங்களன்."

"தந்ததுக்கு ஷுக்குர். எனக்கு நிலம் வேணும்."

குனிவது சுலபம், எழும்புவதுதான் பாடு. முழங்கால் ஊன்றி, வலது பாதத்தை முன்னே வைத்து, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பழகினாள். இடது கால் சில நாள் கேட்கும், சில நாள் கேட்காது. சூடு ஏறினால் அறவே கேட்காது, இந்த நோயின் குணம் அப்படி. முசலி வெயிலுக்கு அது விளங்குமா? ஆகவே நாள் முழுக்க மின்விசிறிக்குக் கீழே, தொளதொளத்த வெள்ளைப் பருத்தி உடுப்போடு இருந்தாள். அந்த வெள்ளையை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவும். பின்னால் வேலை இருக்கிறது.

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு விறைப்பான ஒருத்தியை யார் நம்புவார்கள்? ஒருநாளாவது அழவில்லையா என்று கேட்டேன்.

"அழுதன். குளிக்கேக்க சோப் நழுவி விழுந்துட்டு. குனிஞ்சு எடுக்கேலாமப் போன அண்டைக்குக் குழறி அழுதன். எழுதுங்கோ, ஆனா சோப்பையும் சேர்த்து எழுதுங்கோ. சும்மா அழுதாள் எண்டு எழுதாதீங்கோ."

எழுதிவிட்டேன். எழுதும்போது எனக்கும் கண் கலங்கியது.

4

இனி வருவதை நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு அவ்வளவு கெட்டித்தனம் கிடையாது.

ஹிதாயாவின் கணவன் பைசருக்குக் கத்தாரில் வேலை. லீவில் ஊருக்கு வந்து, அவளோடு இந்தியாவுக்குப் போய் நின்றான். லீவு முடிய அங்கிருந்தே விமானம் ஏறிவிட்டான். ஊருக்கு வந்தது ஹிதாயாவும் நுஹாவும் மட்டும். ஊர் என்ன பார்த்தது? புருசனோடு போனவள் புருசன் இல்லாமல் வந்தாள். வந்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெள்ளை உடுத்தாள். அப்போது அவள் யன்னலால் விளங்கப்படுத்தத் தொடங்கியிருக்கவில்லை. யார் போனாலும் நுஹா படலையிலேயே மறித்து, "ராத்தா இப்ப ஒருத்தரையும் பார்க்கேலா, சில மாசம் போகோணும்" என்கிறாள்.

அந்த ஊரில் ஒரு பெண் இப்படி இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: இத்தா. கணவன் இறந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்கும் காலம். பாவம் பைசர், வெளிநாட்டில் மௌத்தாகிவிட்டான், பெண்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருக்கிறார்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பைசருக்கே ஃபோன் எடுத்துக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். இறந்தவனுக்கு யார் ஃபோன் எடுப்பார்கள்?

பைசரின் தூரத்து மாமா பக்கீர், கடற்கரை வாடிக் குடிசையிலிருந்து மீன்பாடு முடிந்து வந்த கையோடு செய்தி கேட்டார். ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் சீனி, தேயிலைப் பொட்டலங்களோடு சனத்தைக் கூட்டிக்கொண்டு வந்து படலையில் நின்றார். பெண்கள் முன்னே, ஆண்கள் றோட்டோரமாக.

"மகள், ஒரு சொல்லுச் சொல்லியனுப்பேல்லையே" என்றார் நுஹாவிடம், கண் கலங்க. "எங்க அடக்கினாங்க? கத்தார்லயேவா?"

"யாரை மாமா?"

பக்கீர் மாமா பைசரின் பெயரைச் சொன்னார். நுஹா சிரிப்பதா பதறுவதா என்று தெரியாமல் ஃபோனை எடுத்து வீடியோவில் பைசரைக் கூப்பிட்டாள். மேல் சட்டையில்லாமல், தூக்கக் கலக்கத்தோடு பைசர் திரையில் வந்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும் மாமா. என்ன சனமாக் கிடக்கு? யாரும் மௌத்தா?"

"நீதாண்டா" என்றார் பக்கீர் மாமா.

5

இந்தக் கதையை நான் சிரிப்புக் கதையாக இங்கேயே முடித்திருக்க—

முடிக்க முடியாது. ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. துக்கத்துக்கு வந்த சனம் தள்ளி நின்றது. இப்போது துக்கம் போய்ச் சந்தோசம் வந்துவிட்டது. பெண்கள் அழுது சிரித்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். ஒருத்தியின் இடுப்பில் மூக்கு வடியும் குழந்தை. பின்னால் யாரோ இருமினார்கள்.

"நோயாளியை ஒருக்காக் கண்ணால பார்த்திட்டுப் போறம்" என்று பக்கீர் மாமா படலைக் கொளுக்கியில் கை வைத்தார். நுஹா எவ்வளவு சொல்லியும் அந்தச் சத்தத்தில் ஒருவர் காதிலும் விழவில்லை.

ஹிதாயா யன்னலால் பார்த்தாள். இந்தியாவில் கிடந்து பட்டதெல்லாம் அந்தக் கொளுக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. கைத்தடி அறையின் மற்றப் பக்கம். அதை எடுக்க நேரமில்லை. சுவரைப் பிடித்து வாசலுக்கு வந்தாள், சுவர் முடிந்ததும் சும்மா நடந்தாள். உச்சி வெயில் மணல் முற்றத்தில் இறங்கி நின்றது.

"கொளுக்கியத் தொடாதீங்கோ மாமா."

வகுப்பில் பின் வரிசை வாங்கு வரை கேட்கும் குரல் அது. பக்கீர் மாமாவின் கை அப்படியே நின்றது. அவள் இன்னும் கொஞ்சம் நடந்தாள். நடு முற்றத்தில் இடது கால் கழன்றது. விழுந்தாள் என்று எழுத அவள் விடவில்லை. முழங்காலும் கையும் ஊன்றி இறங்கினாள்.

சனம் குழறியது. நுஹா ஓடி வந்தாள். ஹிதாயா ஒரு கையை மணலிலிருந்து எடுத்து உயர்த்தினாள்.

"நில்லு நுஹா. ஒருத்தரும் உள்ள வரவேணாம். நான் எழும்புறன்."

அறையில் கட்டில் சட்டம் இருந்தது. முற்றத்தில் பிடிப்பதற்கு மணலைத் தவிர ஒன்றும் இல்லை.

6

முடிவுகள்.

(அ) அவள் எழும்பினாள். சனம் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொன்னது. (வெட்டு. "சினிமா.")

(ஆ) நுஹா சொல் கேளாமல் வந்து தூக்கினாள், இருவரும் அழுதார்கள். ("எத்தனையோ நாள் தூக்கியிருக்கிறாள். அதில வெக்கமில்ல. ஆனா அது வேற கதை.")

(இ) நேரம் சென்று, வெயில் தாழ்ந்த பிறகு, அவள் மெல்ல—

"உண்மையில் என்னதான் நடந்தது, ஹிதாயா?" என்று கேட்டேன். எனக்கும் பொறுமைக்கு ஓர் அளவு இருக்கிறது.

குரல் பதிவில் பதில் வந்தது. பின்னால் மின்விசிறிச் சத்தம்.

"அதை எழுதாதீங்கோ ரீச்சர். எழும்பினன் எண்டு எழுதினா, எழும்பேலாத ஒருத்தி வாசிச்சிட்டுத் தன்னை நொந்துகொள்ளுவாள். எழும்பேல்ல எண்டு எழுதினா பக்கீர் மாமா வாசிச்சிட்டுப் படலையத் திறந்துகொண்டு வந்திடுவார். அங்கேயே விடுங்கோ என்னை. கை ரெண்டும் மணல்ல. வலது பாதம் முன்னுக்கு. அதுவரைக்கும் உண்மை."

ஆகவே அங்கேயே விடுகிறேன். எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் கதை அவளுடையது.

இதை நீங்கள் படலையடியில் நின்றுதான் வாசிக்கிறீர்கள். சீனிப் பொட்டலத்தை அந்தக் கம்பியில் மாட்டிவிடலாம், நுஹா எடுத்துக்கொள்வாள். உள்ளே முற்றத்தில் வெள்ளை உடுத்த ஒருத்தி நிலத்தில் கை ஊன்றி இருந்தால் பதற வேண்டாம். அவளைக் கூப்பிட வேண்டாம். உங்களுக்கு அவள்மேல் அன்பு இருக்கிறது, அது அவளுக்குத் தெரியும்.

கொளுக்கியிலிருந்து கையை எடுங்கள்.