ஐம்பத்தெட்டாவது ஆள்

ஏழாயிரம்பண்ணைக்கு வெளியே இருந்த அந்தப் பட்டாசு ஆலையில் மருந்துக் கலவை அறை வெடித்தபோது மணி பதினொன்று இருபது. தப்பி ஓடி வந்தவர்கள் கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்றார்கள். போர்மேன் அழகுராஜா தொழிலாளர்களை இரண்டு தடவை எண்ணினார். ஐம்பத்தேழு.

"ஏத்தா கற்பகவல்லி, காலையில எம்புட்டுப் பேரு உள்ள போனாக?" என்று காவலறை ஜன்னலில் கேட்டார்.

ஆபீஸ் வேலை பார்க்கும் கற்பகவல்லி அங்கிருந்த கம்ப்யூட்டரில் இன்றைய வருகைக் கோப்பைத் திறந்தாள். வாட்ச்மேன் பெத்தணன் ஒவ்வொருவர் பெயரையும் அடித்துப் பக்கத்தில் 'உள்ளே' என்று போடுவார். தேடும் பெட்டியில் அந்தச் சொல்லைக் கொடுத்து எண்ணச் சொன்னாள்.

"அம்பத்தி நாலு அண்ணாச்சி."

அழகுராஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "பக்கத்துக் கம்பெனி ஆளுக மூணு பேரு வேடிக்கை பாக்க வந்து நிக்காகபோல. உள்ள யாரும் இல்ல சார்," என்று அப்போதுதான் வண்டியோடு வந்து இறங்கிய தீயணைப்பு அதிகாரியிடம் சொன்னார். ஆள் இல்லாத ஆலைக்குள் போய் யார் உயிரைக் கொடுப்பார்கள்? எரிந்து அடங்கட்டும் என்று வண்டியைத் தள்ளி நிறுத்தினார்கள்.

கற்பகவல்லி மட்டும் அதை நம்பவில்லை. வெடிச்சத்தம் கேட்டால் இந்தப் பக்கத்தில் எவனாவது அதை நோக்கி ஓடி வருவானா? கோப்பை மேலிருந்து வாசித்தாள். பதினோராம் வரியில் கண் நின்றது. 'கோட்டைச்சாமி உள்ளே, செல்லக்கனி உள்ளே.' கீழே இன்னும் மூன்று வரிகள் அதே மாதிரி.

"என்ன மாமா, ரெண்டு பேர ஒரே வரியில போட்டுருக்கீக?"

"புருசனும் பொண்டாட்டியும் ஒரே பைக்குல வந்தாக தாயி. அப்படி வாரவுகள ஒண்ணாத்தான அடிப்பேன்," என்றார் பெத்தணன்.

கம்ப்யூட்டர் அந்தச் சொல் இருக்கும் வரிகளை எண்ணியிருக்கிறது, ஆட்களை அல்ல. அதைக்கூடப் பார்க்காமல் வாயைத் திறந்த தன் மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது. தேடும் அமைப்பை மாற்றி, சொல் வரும் ஒவ்வொரு இடத்தையும் எண்ணச் சொன்னாள். ஐம்பத்தெட்டு.

"அண்ணாச்சி, ஒரு ஆளு உள்ள இருக்கு."

ஜன்னல் வழியே பெயர்களை உரக்க வாசித்தாள். கோட்டைச்சாமி கை தூக்கினான். செல்லக்கனி என்றதற்குப் பதில் இல்லை. மனைவி பெண்கள் கூட்டத்தில் நிற்கிறாள் என்றுதான் அவன் அதுவரை நம்பிக்கொண்டிருந்தான்.

"லேபிள் எடுக்க ஸ்டாக் ரூமுக்குப் போனாளே," என்றாள் ஒருத்தி.

தீயணைப்பு வீரர்கள் நால்வர் உள்ளே ஓடினார்கள். பின்னாலேயே பாய்ந்த கோட்டைச்சாமியை ஐந்து பேர் பிடித்து அமுக்கினார்கள். அதற்குள் இன்னொரு அறை வெடித்தது. புகைக்குள்ளிருந்து அவளைத் தூக்கி வந்தபோது முடி கருகியிருந்தது, கண் மூடியிருந்தது. கீழே கிடத்தியதும் இருமினாள். அந்த இருமலைக் கேட்டுத்தான் கோட்டைச்சாமி அழவே ஆரம்பித்தான்.

ஆம்புலன்ஸ் போன பிறகு கற்பகவல்லி கம்ப்யூட்டருக்குத் திரும்பினாள். கோப்பின் அடியில் போய் ஒரு புது வரி எடுத்தாள். 'செல்லக்கனி வெளியே' என்று தனியாக அடித்தாள்.