பூட்டிட்டு வர்றேன்

கடலுக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது. ஒருவருக்கொருவர் காவலாக இரண்டிரண்டு பேராகத்தான் இறங்க வேண்டும். அந்த இருவருக்கும் முக்குளிப்புப் படகில் ‘ஜோடி’ என்று பெயர். தையல்காரிக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே வயிறு எரியும். கட்டிக்கொண்டவள் இவள்; கடலில் புருஷனோடு இறங்கி ஜோடி என்று பேர் வாங்கியவள் இன்னொருத்தி.

அந்த இன்னொருத்திதான் இப்போது தையல்கடை வாசலில் நின்றாள். படகு மூழ்கி இரண்டு மாதம் ஆகிறது. பயணிகள் எல்லோரும் பிழைத்தார்கள். அவர்களைக் கடலுக்குள் கூட்டிப்போகிற வழிகாட்டி, தையல்காரியின் புருஷன், மட்டும் வரவில்லை.

“உக்காரலாமாக்கா?”

“நாற்காலி சும்மாதானே கெடக்கு.”

ஆள் இளைத்திருந்தாள். அதுவும் தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. இளைக்கிற உரிமையை இவளுக்கு யார் கொடுத்தது?

“பின்பக்கம் தண்ணி ஏறிப் படகு சாஞ்சிடுச்சுக்கா. எல்லாரும் கீழ் அறையில மாட்டிக்கிட்டோம். அவசரக் கதவை அடைச்சு காத்து சிலிண்டரா அடுக்கி வெச்சிருந்தாங்க. அங்க வைக்காதீங்கன்னு அண்ணன் எத்தனை தடவ கத்தியிருக்கார்...”

இப்போது அண்ணனாம்! படகில் இவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதைத் தையல்காரி காதாரக் கேட்டிருக்கிறாள்.

“அவர்தான் அதையெல்லாம் உருட்டித் தள்ளிட்டு ஒவ்வொருத்தரா வெளிய ஏத்திவிட்டார். கடைசியா என்னை. திரும்பிப் பாத்தா, இடுப்பளவு தண்ணில நின்னுக்கிட்டு இப்படிக் காட்டினார்.”

மணிக்கட்டை இரண்டு முறை திருப்பிக் காட்டினாள்.

“தண்ணிக்கடியில கையை இப்படி ஆட்டினா, ஏதோ சரியில்லைன்னு அர்த்தம். உதவி கேட்டிருக்கார். நான் பயந்துபோய் நீந்திட்டேன். கண்ணை மூடினா அந்தக் கைதான் வருது.”

தையல்காரியின் விரலில் ஊசி ஏறியது.

காலையில் புருஷனும் அவளும் வீட்டிலிருந்து ஒன்றாகத்தான் கிளம்புவார்கள். தையல்காரி படி இறங்கும்போது அவன் கதவருகே நின்று அதே மாதிரி மணிக்கட்டைத் திருப்புவான். நீ முன்னால நட, நான் பூட்டிட்டு வர்றேன். அடுப்பு, குழாய், ஜன்னல் எல்லாம் ஒரு சுற்றுப் பார்க்காமல் பூட்டமாட்டான். அன்றைக்கும் கீழ் அறையில் யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று ஒரு சுற்றுப் பார்க்கத்தான் போயிருக்கிறான்.

தனக்கென்றே இருந்த சைகை. கடைசித் தடவை அதையும் இந்த ஜோடிக்காரியிடமே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான், பாவி!

“எனக்கென்ன தெரியும்? நான் என்ன கடல்லயா பொறந்தேன்?” என்றாள்.

வந்தவள் எழுந்து பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள்.

அதன் பிறகு தையல் கோணல்மாணலாகவே ஓடியது. இன்றைக்கு இது போதும் என்று மெஷினை மூடினாள். வெளியே வந்து கதவைச் சாத்திச் சாவியைத் திருப்பினாள். மணிக்கட்டு திரும்பியதும் கை அப்படியே நின்றுவிட்டது.

கழுத்தில் அளவு டேப் தொங்கத் தொங்கப் பஸ் நிறுத்தத்துக்கு ஓடினாள்.

“ஏய், நில்லு! அவர் உதவி கேக்கல. நீ முன்னால போ, பூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார். வீட்ல தினமும் அப்படித்தான்.”

“என்கிட்டயா சொன்னார்?”

“பின்னே? நான்தான் அங்க இல்லையே.”

வந்தவள் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். தையல்காரி கம்பம் மாதிரி நின்றாள். அவளைத் தள்ளிவிடவும் இல்லை, அணைத்துக்கொள்ளவும் இல்லை.

“அழு. நல்லா அழுதுக்கோ. ஆனா அந்தக் கையை இனிமே யாருக்கும் செஞ்சு காட்டாதே. அது எங்க வீட்டுது.”