தலைக்கு மேலே போகாத கும்பிடு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது என் கதையில்லை, என் சகலை குற்றாலநாதனுடையது. அவர் வலுதூக்கும் வீரர். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கான பிரிவில் இப்போதும் மேடை ஏறுகிறவர். நான் தூக்கிய அதிகபட்ச எடை ஒரு காஸ் சிலிண்டர். அதையும் உருட்டித்தான் கொண்டுபோனேன். ஆகவே எடை பற்றி நான் சொல்வதையெல்லாம் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை பிறந்தது ஒரு சட்டையில். போன ஆடித் தபசன்று மத்தியானம் சகலை வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் தாழ் போட மறந்திருந்தார்கள். சங்கரன்கோவிலிலேயே பெரிய தோள்களுக்குச் சொந்தக்காரரை அவர் மனைவி சிவசக்தி சட்டைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். முதலில் வலது கை, பிறகு முதுகைச் சுற்றி இடது கை. தலையணைக்கு உறை மாட்டுகிற பழக்கம் அவள் விரல்களில் இருந்தது. என்னைக் கண்டதும் இருவரும் சட்டென்று விலகி நின்றார்கள். புதுமணத் தம்பதியின் அறைக்குள் நுழைந்துவிட்டவனைப் போல நான் செருப்பைத் தேடினேன்.

2

முதல் தொடக்கம்: "வலி என்பது..."

(வேண்டாம். வலியைப் பற்றி இப்படி ஆரம்பிக்கிறவனுக்குப் பெரும்பாலும் எங்கேயும் வலிப்பதில்லை.)

இரண்டாம் தொடக்கம்: "இருபத்து நான்கு வயதில், கழுகுமலை ரோட்டுத் தகரக்கூரை ஜிம்மில், பெஞ்சில் மல்லாந்து படுத்துக் கம்பியை மேலே தள்ளியபோது, குற்றாலநாதனின் வலது தோளில் டப்பென்று..."

இதை அவரிடமே படித்துக்காட்டினேன்.

"டப்புன்னு இல்ல, சகல. துணி கிழியுத மாரி. சர்ருன்னு."

"பொறவு என்ன செஞ்சீரு?"

"ஸ்பிரே அடிச்சேன். அடுத்த செட்டு போட்டேன்."

நான் பேனாவை மூடிவிட்டேன். இருபது வருஷத்துக் கதையை அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டால் எழுத்தாளன் எங்கே போவது. தோள் வலித்த மாதங்களில் அதை விட்டுவிட்டு முதுகுக்கு எடை ஏற்றினார். முதுகெலும்பில் வட்டு பிதுங்கியது. எடை தூக்கும்போது இடுப்பில் கட்டுகிற பெல்ட்டை இன்னொரு துளை இறுக்கினார். முழங்கால் வீங்கியது, பட்டை சுற்றினார். உடம்பு ஒவ்வொரு தடவையும் ஏதோ சொல்ல வந்தது. இவர் அதன் வாயைக் கட்டிக்கொண்டே வந்தார். வாங்கிய கோப்பைகள் எல்லாம் வீட்டு அலமாரியின் உச்சித் தட்டில் இருக்கின்றன. இறக்கித் துடைக்க இரண்டு கை வேண்டும். அதனால் அவை தூசி படிந்து கிடக்கின்றன.

3

இந்தக் கதையில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

தபசுக்கு ஒரு வாரம் முன்னால் மருத்துவர் சொல்லியிருந்தார்: "தோள்ல தசைநார் முக்காவாசி போயிட்டு. இன்னொரு வாட்டி எடை தூக்கினீங்கன்னா மிச்சமும் போயிரும். அப்புறம் சட்டை போடவே ஆள் வேணும்."

ஆள் ஏற்கெனவே வேலைக்கு வந்துவிட்ட செய்தியை குற்றாலநாதன் அவரிடம் சொல்லவில்லை.

தபசுக்கு அடுத்த மாதம் விருதுநகரில் போட்டி. அங்கே குருவிகுளத்துச் சங்கரசுப்பு வருவார். பருத்தி விவசாயி, இவருடைய எடைப் பிரிவு, பல வருஷத்து எதிராளி. தோற்பதை குற்றாலநாதன் தாங்கிக்கொள்வார். தான் போகாத மேடையில் சங்கரசுப்பு நின்றுகொண்டு, நாலு பேர் கேட்க, "அண்ணாச்சி வரலியோ? சொகமில்லியோ?" என்று விசாரிப்பதைத்தான் தாங்க முடியாது. அந்த விசாரிப்புக்குப் பயந்து ஒரு மனிதர் தன் வலது கையைக் கொடுக்கத் தயாராக இருந்தார்.

(சங்கரசுப்புவை வில்லனாக்க முயன்றேன். பெரிய மீசை வைத்துப் பார்த்தேன். "அவருக்கு மீசையே கெடையாதே, வே" என்றார் சகலை. மீசையை எடுத்ததும் வில்லனும் போய்விட்டான்.)

4

தபசு மாலை. தெற்கு ரத வீதியில் சகலையோடு நானும் நின்றேன். கோமதியம்மனின் தவத்துக்கு இரங்கி, சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்க வருகிற நேரம். சுற்று வட்டாரத்து விவசாயிகள் தங்கள் நிலத்தில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் தானியத்தையும் சப்பரத்தை நோக்கி வீசக் காத்திருந்தார்கள்.

குற்றாலநாதனுக்குக் கொஞ்ச வருஷமாகவே இந்த நேரம் ஆகாது. சாமி தெரிந்ததும் அத்தனை கைகளும் தலைக்கு மேலே போகும். இவர் கை நெஞ்சைத் தாண்டாது. போன வருஷம் சரியாக அந்த நேரத்தில் குனிந்து தரையில் சில்லறை தேடினார். அதற்கு முந்திய வருஷம் போனில் யாரிடமோ பேசினார். மறுமுனையில் யாரும் இல்லை.

இந்த வருஷம் கூட்டம் குனிய விடவில்லை. சாமி வந்தது. கைகள் எழுந்தன. இவர் நெஞ்சோடு கும்பிட்டபடி நின்றார். எல்லோருடைய கையும் மேலே போய்விட்டதால் முகங்களின் மட்டத்தில் பார்வைக்கு வழி கிடைத்தது. அந்த வழியில், நாலு ஆள் தள்ளி, இன்னொருத்தர் நெஞ்சோடு கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

சங்கரசுப்பு.

அவர் தோளில் தொங்கிய பையிலிருந்து பருத்தியை எடுத்தார். இடதுகைப் பழக்கம். கையை ஓங்கப் பார்த்தார், ஓங்கவில்லை. கிணற்றில் வாளியை விடுகிறவரைப் போலக் கீழிருந்தே வீசினார். பருத்தி இரண்டடி எழும்பி, முன்னால் நின்றவரின் வழுக்கையில் சாவகாசமாக உட்கார்ந்தது.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கூட்டம் கொஞ்சம் இளகியதும் குற்றாலநாதன் அவரை நெருங்கினார். பின்னாலேயே நானும் போனேன்.

"அண்ணாச்சி, சொகமா இருக்கியளா?"

"சொகந்தான். நீங்க?"

"நல்லாருக்கேன். பருத்தி சப்பரத்துக்குப் போகலியே."

"காத்து."

"காத்தா."

"ஆமா. நீங்க ஏன் நெஞ்சோட கும்பிடுதிய?"

"சாமி நெஞ்சுலதான இருக்காரு."

"முன்னால எல்லாம் தலைக்கு மேலல்லா இருந்தாரு."

குற்றாலநாதனின் வயிறு முதலில் குலுங்கியது. சிரிப்பு மேலே வர நேரமாயிற்று.

"எடதா?" என்றார்.

"எடதுதான். உமக்கு?"

"வலது. பொண்டாட்டிதான் சட்ட மாட்டிவிடுதா."

"எனக்கு மக. வேட்டிய மட்டும் நானே கட்டிக்கிடுதேன்."

"பொறவு எதுக்கு வே போன வருசம் விருதுநகருக்கு வந்தீரு?"

"நீரு வருவீருன்னுதான்."

"நான் நீரு வருவீருன்னுல்லா வந்தேன்."

சத்தமில்லாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் இருவர் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. சாமி தரிசனம் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற அம்மாள் நினைத்து, அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

5

[இந்த இடத்தில் ஓர் அழகான பத்தி எழுதியிருந்தேன். ஒருவரின் நல்ல இடது கையும் மற்றவரின் நல்ல வலது கையும் சேர்ந்து, தலைக்கு மேலே ஒரே கும்பிடாக...

"அப்பிடி நடக்கல, சகல. நடுவுல ஒரு பொம்பள புள்ளயத் தூக்கி வச்சுட்டு நின்னா."

எடுத்துவிட்டேன். தேவைப்படுகிறவர்கள் வைத்துக்கொள்ளலாம்.]

நடந்தது இவ்வளவுதான். சுக்குக் காப்பி குடித்தோம். வீட்டுக்கு வந்ததும் குற்றாலநாதன் நடுக்கூடத்தில் நின்று, "ஏட்டி, சட்டயக் கழட்டி விடு" என்றார்.

சிவசக்தி என்னைப் பார்த்தாள். "அத்தான் நிக்காகள்லா."

"நிக்கட்டும்."

அவள் பித்தான்களைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இதுக்குப் போயி ரெண்டு வருசமா சன்னல், கதவு எல்லாத்தையும் பூட்டிக்கிட்டு வேர்த்து வடிஞ்சோம் பாத்தியளா?"

அன்று முதல் அந்த வீட்டில் காற்று வருகிறது.

6

முடிவுகள்.

முதலாவது: இருவரும் "நீரு வராட்டா நானும் வரல" என்று சத்தியம் செய்துவிட்டு, விருதுநகரில் எடை பார்க்கும் இடத்தில் ஜட்டியோடு சந்திக்கிறார்கள். இதுதான் நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே இதை எழுதப் பயமாக இருக்கிறது.

இரண்டாவது: குற்றாலநாதன் ஞானம் பெற்று... (சகலைக்கு ஞானமா? அடித்துவிட்டேன்.)

மூன்றாவதற்கு நான் திணறிக்கொண்டிருந்தபோது, இந்தத் திங்கட்கிழமை அவரே வந்தார். தன்னுடைய பெல்ட்டை என் மேசையில் வைத்தார். எருமைத்தோல், உள்ளங்கை அகலம், வியர்வையில் கறுத்தது.

"உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சின்னீருல்லா. எழுதும்போது கட்டிக்கிடும்."

"உமக்கு வேண்டாமா?"

"ஞாயித்துக்கெழமைக்கு முன்னால நான் வந்து கேட்டா குடுத்துராதேயும்."

வாசல் வரை போய்த் திரும்பினார். "அழுதாலும்."

போகும்போது அவர் நடையில், பாரத்தை இறக்கிவைத்துவிட்ட ஒரு லேசு இருந்தது. இதை நான் இட்டுக்கட்டவில்லை.

இன்று சனிக்கிழமை சாயங்காலம். விடிந்தால் விருதுநகர்ப் போட்டி. பெல்ட் என் இடுப்பில் இருக்கிறது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பால்காரராக இருக்கலாம்.

நான் எழுந்து போகப் போவதில்லை. எனக்கு இளகிய மனசு. நீங்கள் வாசல் பக்கம்தானே இருக்கிறீர்கள், கொஞ்சம் திறந்து பாருங்கள். அவராக இருந்தால், நான் ஊரில் இல்லை, பெல்ட்டோடுதான் போயிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். அப்படியே, பின்பக்கம் காலர் உள்ளே மடங்கியிருந்தால் எடுத்துவிடுங்கள். அவர் கை அங்கே எட்டாது.