புதன்கிழமை மழை

ஞாயிற்றுக்கிழமை அடித்துச் சொன்னதை ஸ்ரீவல்லி செவ்வாய்க்கிழமை காலையிலேயே மாற்றிச் சொல்லும்படி ஆகிவிட்டது.

திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறாள். வானிலைப் படங்களைப் பார்ப்பது சின்ன வயதிலிருந்தே அவளுக்கு ஒரு பைத்தியம். முன்பொரு புயலின்போது, சத்தியவேட்டிலிருந்து வரும் சக ஆசிரியை ஒருத்தி, "எங்க ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி தமிழ்ல பேசி அனுப்பேன்" என்று கேட்டாள். அப்படித் தொடங்கியதுதான் அந்த வாட்ஸ்அப் குழு. நகரி, புத்தூர், பிச்சாட்டூர், சத்தியவேடு என்று ஆந்திர-தமிழக எல்லையோரத்து விவசாயிகள் அதில் சேர்ந்துகொண்டே போனார்கள். ஸ்ரீவல்லியின் குரல் எல்லாருக்கும் தெரியும், அந்த ஆசிரியையைத் தவிர முகத்தைப் பார்த்தவர்கள் யாருமில்லை.

தை முடிகிற நேரம். இலங்கைக்குக் கிழக்கே கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு நிலை உருவாகியிருந்தது. "புதன்கிழமை நல்ல மழை இருக்கு. நெல்லு பழுத்திருந்தா அதுக்கு முன்னாடியே அறுத்துடுங்கோ" என்று ஞாயிற்றுக்கிழமை பேசி அனுப்பியிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மழையைக் கணிக்கும் புதுப் படங்கள் மூன்று வந்தன. தாழ்வு நிலை தெற்கே திரும்பிப் போவதாக ஒன்று காட்டியது. இல்லை, நேரே இந்தப் பக்கம்தான் வருகிறது என்றது இன்னொன்று. மூன்றாவது எதையும் தெளிவாகச் சொல்லவில்லை. அவள் மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்தாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. கீழே வந்து மறுபடி லேப்டாப்பைத் திறந்தாள். மறுபடி மாடிக்குப் போனாள்.

"காபி ஆறிண்டிருக்கு. ஏண்டி இப்படி மாடிக்கும் கூடத்துக்குமா அலையறே?" என்றாள் அம்மா அலர்மேல்மங்கை.

"மழை வராதோன்னு இருக்கும்மா."

"வராட்டா நல்லதுதானே?"

"நான் வரும்னு சொல்லிட்டேனே."

பழுக்காத நெல்லை அவள் பேச்சைக் கேட்டு அறுத்துவிட்டு மழையும் வராமல் போனால்? போனை எடுத்துப் பேசினாள். "ஞாயித்துக்கிழமை சொன்னது இப்ப கொஞ்சம் சந்தேகமா இருக்கு. மழை தெற்கே போயிடலாம். அவசரப்பட்டு அறுக்க வேண்டாம். முடிஞ்சா ஒரு நாள் பொறுங்கோ." அனுப்பிவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. பிச்சாட்டூர் தாட்சாயணி. குழுவில் தினமும் ஏதாவது கேட்பவள். கணவன் சூளூர்பேட்டையில் லாரி ஓட்டுகிறான், வயலைப் பார்த்துக்கொள்வதெல்லாம் இவள்தான்.

"மேடம், இன்னா மேடம் இப்டி மாத்தி சொல்றீங்க? அறுப்பு மெஷின் வந்து வயல்ல எறங்கி நின்னுக்கினு கீது. பாதி அறுத்தாச்சி. நெல்லு இன்னும் ஒரு வாரம் நின்னா நல்லா பழுக்கும், நீங்க சொன்னீங்கன்னுதான் வரச்சொன்னேன். இப்ப மீதிய அறுக்கட்டுமா, வாணாமா?"

பின்னால் மெஷினின் இரைச்சல். யாரோ தெலுங்கில் கத்தினார்கள்.

"ஒரு நாள் நிறுத்திவைக்க முடியாதா?"

"மெஷின்காரன இப்ப உட்டா ஊத்துக்கோட்டை பக்கம் போய்டுவான். திரும்பி வரமாட்டான். நீங்க சொல்லுங்க, வருமா வராதா?"

ஸ்ரீவல்லி லேப்டாப்பை இழுத்து மறுபடி பார்த்தாள். ஒரே வார்த்தை, எது சொன்னாலும் அதை நம்பி அங்கே ஒரு வயல் நிற்கிறது.

"எனக்குத் தெரியலை. வராதுங்கற பக்கம்தான் கொஞ்சம் அதிகமா தெரியறது."

தாட்சாயணி, "சரி, மீதி நிக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டாள்.

அன்று வகுப்பில் ஸ்ரீவல்லிக்கு மனம் ஒட்டவே இல்லை. கரும்பலகையில் ஒரு கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனாள். குழுவில் தெலுங்கிலும் தமிழிலும் கேள்விகள் வந்தபடி இருந்தன. வான வஸ்துந்தா, ராதா? மழ வருமா வராதா? ஒருவன் சிரிக்கும் பொம்மையை மட்டும் அனுப்பியிருந்தான்.

புதன்கிழமை காலை அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை. லீவு சொல்லிவிட்டு, பிச்சாட்டூர் வழியாகப் போகும் சத்தியவேடு பஸ்ஸில் ஏறினாள். போய் என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. புத்தூர் தாண்டும்போது பளீரென்று வெயில். நாராயணவனத்தில் காற்று கிழக்கிலிருந்து வீசியது, அதில் ஈரம் இருந்தது. அவள் ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தாள். பிச்சாட்டூர் ஏரிக்கரை தெரிகிற இடத்துக்கு வந்தபோது, தண்ணீருக்கு அந்தப் பக்கம் வானம் ஈயமாய்க் கறுத்திருந்தது.

தாட்சாயணி போனை எடுக்கவில்லை; அங்கேயே இறங்கி, எதிரே வந்தவர்களிடம் வழி கேட்டுக்கொண்டே அவள் வயலுக்குப் போய்ச் சேர்ந்தாள். சாலையோரக் களத்தில் நெல்லைப் பரப்பிக் காலால் அளைந்துகொண்டிருந்த ஒல்லியான பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் ஸ்ரீவல்லி."

"நீங்களா?" தாட்சாயணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நான் பெரிய வயசுக்காரங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன். இன்னா மேடம் இவ்ளோ தூரம்?"

"நெல்லை அள்ளிடுங்கோ. மழை வரது."

"வராதுன்னு சொன்னீங்களே. நல்ல வெயிலுன்னுதான் காயப்போட்டேன்."

"வரது. அங்க பாருங்கோ."

தாட்சாயணி ஏரிப் பக்கம் திரும்பினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பலகையால் நெல்லைத் தள்ள ஆரம்பித்தாள். ஸ்ரீவல்லி கைப்பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையாலேயே வாரிக் குவித்தாள். சுணை பட்டுக் கை அரித்தது. குவியல் முழங்கால் உயரம் வருவதற்குள் முதல் துளிகள் புழுதியில் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"தார்பாய்! அந்த முனையப் புடிம்மா, இஸ்து புடி!"

காற்று தார்பாயைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. இருவரும் ஆளுக்கொரு முனையில் விழுந்து அழுத்தினார்கள். கல் வைத்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் நனைந்தது, மற்றது தப்பித்துவிட்டது. ஸ்ரீவல்லி மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது தாட்சாயணி களத்தில் இல்லை. மண்வெட்டியுடன் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தாள்.

அறுக்காமல் விட்ட பாதி வயல் மழையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. முதலில் ஓரம், பிறகு நடு, யாரோ பாயை விரிப்பதுபோல வரிசை வரிசையாகப் படுத்தது. தாட்சாயணி வரப்பை வெட்டித் தண்ணீரை வெளியே விட்டாள். ஸ்ரீவல்லி பின்னாலேயே போய், வெட்டிய மண்ணைக் கையால் அள்ளி அள்ளி ஒதுக்கினாள். செருப்பு சேற்றில் எங்கோ போய்விட்டது.

மழை அடங்கியதும் இருவரும் வேப்பமரத்தடியில் நின்றார்கள். தாட்சாயணி படுத்துக்கிடந்த பயிரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொதல்ல சொன்னதோட நீ நிறுத்தியிருந்தா மொத்தத்தையும் அறுத்திருப்பேன்" என்றாள்.

"ஆமாம்."

"நல்லதுக்குத்தான் மாத்தி சொன்னே, தெரியுது. ஆனா வயிறு எரியுது எனக்கு."

ஸ்ரீவல்லிக்குக் கண் நிறைந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். தாட்சாயணி கையை ஆட்டித் தடுத்தாள்.

"அழுவாத. அதுக்கு இப்ப நேரமில்ல. நாளிக்கி ஆளுங்கள வெச்சி கையால அறுத்துடணும், இல்லன்னா கெடந்து மொள உட்டுடும். நாளிக்கி இன்னா, அத சொல்லு."

ஸ்ரீவல்லி போனைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இந்தமுறை மூன்று படங்களும் ஒன்றையே காட்டின.

"காலைல மூட்டமா இருக்கும். மத்தியானம் வெயில் வரும்னுதான் எல்லாத்துலயும் போட்டிருக்கு. ஒரு தூறல் வந்தாலும் வரலாம். பெரிய மழை இருக்காதுன்னு நினைக்கறேன், தப்பாவும் போகலாம்."

"அப்போ விடிஞ்சதுமே எறங்கிடறோம்" என்று சொல்லிவிட்டு தாட்சாயணி ஊருக்குள் ஆள் தேடப் போனாள்.

ஸ்ரீவல்லி அம்மாவுக்குப் போன் செய்து, இன்றைக்கு வரவில்லை என்றாள். அம்மா திட்டினாள். தாட்சாயணி வீட்டில் சூடாகச் சோறும் கீரைக் குழம்பும் கிடைத்தன. "துன்னு, வெக்கப்படாத" என்று மட்டும் சொன்னாள் தாட்சாயணி. கோபம் போய்விட்டதா என்று ஸ்ரீவல்லியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலையில் மூட்டமாகத்தான் இருந்தது. பெண்கள் வரிசையாக இறங்கினார்கள். படுத்த பயிரை ஒரு கையால் தூக்கிப் பிடித்து அறுப்பது மெதுவான வேலை. சேற்றில் உதிர்ந்தது உதிர்ந்ததுதான். கால்வாசி போயிருக்கும் என்றாள் ஒருத்தி.

"யாருடி இது புது ஆளு?" என்று கேட்டாள் செல்லியம்மா, வரிசையில் மூத்தவள்.

"மழ சொல்ற மேடம்" என்றாள் தாட்சாயணி.

"ஓ, அதுவா!" செல்லியம்மா அரிவாளை நிறுத்தி ஸ்ரீவல்லியை நன்றாகப் பார்த்தாள். "இங்க வந்து நின்னுக்கினு சொன்னா சரியா சொல்லுவியா?"

எல்லாரும் சிரித்தார்கள். தாட்சாயணியும் சிரித்தாள்.

ஸ்ரீவல்லி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வயலுக்குள் இறங்கினாள். அறுத்ததை அள்ளிக் கட்டத் தெரியாமல் கட்டினாள். முதல் கட்டு தூக்கும்போதே அவிழ்ந்தது. தாட்சாயணி வந்து அதைப் பிரித்து, வைக்கோலை எப்படி முறுக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேகம் விலகி வெயில் வந்தது. யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை, இன்னும் அறுக்க வேண்டியது நிறைய இருந்தது.