கோட்டுக்கு இந்தப் பக்கம்

சாந்தகுமாரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான். சோபா வாங்கலாமா? கிரீன் கார்டு வரட்டும். கல்யாண போட்டோவை மாட்டச் சுவரில் ஒரு ஆணி? அதுவும் கிரீன் கார்டு வரட்டும். அமெரிக்காவில் இந்தப் பிஸ்கட்டவே ஊர் அபார்ட்மென்டுக்குக் குடிவந்து நாலு வருஷம் ஆகிறது, போட்டோ இன்னமும் தரையில்தான் சாய்ந்து கிடக்கிறது. அதைத் தாண்டித்தான் கிருபாராணி தினமும் ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குப் போனாள். மனுஷன் கெட்டவர் இல்லை. மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட், எதையும் மூன்று தடவை அளந்து பார்த்தே பழகிய கை. அதற்காகப் பெண்டாட்டியோடு வாழ்வதையுமா அளந்துகொண்டிருப்பார்கள்?

எல்லாம் அந்த வக்கீல் செய்த வேலை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது முன்அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் மறுபடி முதலிலிருந்துதான் என்று சொல்லித் தொலைத்துவிட்டார். நயாகராவுக்குப் போனபோது கூட வந்தவர்களெல்லாம் கனடாவுக்குப் போகிற பாலத்தைத் தூரத்தில் நின்றாவது பார்த்தார்கள். சாந்தகுமார் காரைவிட்டே இறங்கவில்லை. "காத்து பலமா அடிக்கு, கனடாவுல கொண்டு தள்ளிட்டுன்னா?" என்றார்.

"சரி, நாட்டுக்குள்ளயே போவோம்," என்று கிருபா ஒருநாள் மேப்பை விரித்து, நாட்டுக்குள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரத்தில் விரலை வைத்தாள். அலாஸ்காவின் மேற்கு முனை. ஜூனில் அங்கே இருட்டவே இருட்டாதாம். படகில் போனால் வால்ரஸ் பார்க்கலாமாம். சாந்தகுமார் மேப்பில் மூக்கை வைத்து ஆராய்ந்துவிட்டு, "யு.எஸ்.ஏ.தான்," என்று ஒத்துக்கொண்டார்.

டிக்கெட் எல்லாம் வாங்கியாயிற்று. கிளம்புவதற்கு முந்தின வாரம் கிருபா லேபில் தன் சாம்பிளைத் தானே டெஸ்ட் பண்ணிப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். குழந்தையும் கார்டு வந்த பிறகுதான் என்பது அவர் போட்ட சட்டம். சட்டத்தை மீறியவர்கள் ரெண்டு பேர், விஷயம் தெரிந்தது ஒருத்திக்கு மட்டும். எங்கேயாவது அழகான இடத்தில் அவர் சிரித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். அதற்கும் அவர் அந்த மூணு வார்த்தையையே சொல்லிவிட்டால் என்ன செய்வது?

அலாஸ்காவில் நிஜமாகவே இருட்டவில்லை. சூரியன் கடல் விளிம்புவரை வரும், குளிக்க யோசிக்கிற பிள்ளை மாதிரி அங்கேயே கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு வேண்டாமென்று மேலே ஏறிவிடும். லாட்ஜ் ஜன்னலில் சாந்தகுமார் கட்டிய போர்வையெல்லாம் சும்மா பேருக்கு. ரெண்டு நாளாகத் தூக்கமில்லாமல் இருவருக்கும் ஒரு கிறுக்கு பிடித்திருந்தது. அவர் ஷேவிங் கிரீமில் பல் தேய்த்தார். அதற்கு அவள் சிரித்த சிரிப்பில் கட்டிலிலிருந்து விழுந்தாள். விழுந்ததைப் பார்த்து அவரும் சிரித்தார், வாயெல்லாம் நுரை.

படகுக்காரி ஆக்னஸ் அந்த ஊர்க்காரி, ஆறு பிள்ளை பெற்றவள், சரியான வாயாடி. இவர்களைத் தவிர, பைனாகுலரும் கையுமாக ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதியும் படகில் இருந்தார்கள். சாந்தகுமார் பாஸ்போர்ட்டையும் விண்ணப்ப நகல்களையும் பிளாஸ்டிக் பையில் போட்டு, லைஃப் ஜாக்கெட்டுக்குள்ளே வயிற்றில் கட்டிக்கொண்டு ஏறினார். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை, "இது இன்னும் யு.எஸ்.ஏ.தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"ஆமாம் சார். இங்கே மீன்கூட வாஷிங்டனுக்கு வரி கட்டுது," என்றாள் ஆக்னஸ்.

சாயங்காலம் எட்டு மணிக்கு வெயில் பளபளவென்று சாய்வாக அடித்தது. மிதக்கும் பனிப்பாறை ஒவ்வொன்றும் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தது. கிருபாவுக்குக் காரணமில்லாமல் கைதட்ட வேண்டும்போல் இருந்தது, தட்டினாள். எதிரே ரெண்டு தீவுகள் எழுந்தன. முன்னால் இருப்பது நம்முடையது, பின்னால் இருப்பது ரஷ்யா, நடுக்கடலில் கோடு போகிறது என்றாள் ஆக்னஸ். "தேதி மாறுவதும் அந்தக் கோட்டில்தான். இங்கே இன்றைக்கு, அங்கே நாளைக்கு."

"அத்தான்! நாளைக்கு நாளைக்குன்னு சொல்லுவியளே, அந்தா கண்ணுல தெரியுது பாருங்க!"

"சும்மா இரு, கிருபா. இன்னும் எவ்வளவு தூரம்னு அந்தம்மாட்ட கேளு."

அப்போதுதான் பெரிய பாறை ஒன்று மிதந்து வந்தது. அதன்மேல் பத்துப் பன்னிரண்டு வால்ரஸ்கள், எருமை எருமையாய், தந்தமும் மீசையுமாக, ஒன்றன்மேல் ஒன்று காலைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று கண்ணைத் திறக்காமலே நீளமாக ஏப்பம் விட்டது.

"ஏட்டி, நம்ம பாளையங்கோட்டை பெரியப்பா!" என்றார் சாந்தகுமார். தொப்பியைக் கழற்றி, சர்ச்சில் பெரியவர்களுக்குச் சொல்வதுபோல் அதற்கு ஒரு ஸ்தோத்திரமும் சொன்னார். கிருபா சிரித்துச் சிரித்துப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மீன் நாற்றம் குப்பென்று அடித்தது. விளிம்பைப் பிடித்தபடியே வாந்தி எடுத்தாள்.

"கடல் ஒத்துக்கல. இந்தா, எலுமிச்சங்கா ஊறுகா. தொட்டு நக்கு, சரியாப் போவும்."

தொட்டு நக்குவதாவது! பாட்டிலில் பாதியை அவள் விரலாலேயே வழித்துத் தின்றாள். ஆக்னஸ் அதைப் பார்த்தாள், புருவத்தைத் தூக்கினாள், ஒன்றும் தெரியாதவள் போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சற்று தூரம் பாறையின் பின்னாலேயே போய் இன்ஜினை நிறுத்தினாள்.

"இதற்கு மேல் நான் போவதில்லை. கோடு பக்கத்தில்."

"வெரி குட்! வெரி வெரி குட்!" என்றார் சாந்தகுமார்.

பாறை நிற்கவில்லை. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போனது. தாயின் கழுத்துக்கு மேலே ஒரு குட்டி தலையைத் தூக்கி இவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டது.

"தூங்கிக்கிட்டே ரஷ்யா போவுதுவ அத்தான். கையில ஒரு பேப்பர் கிடையாது." கிருபா சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. யோசித்து வைத்திருந்த அழகான வாக்கியமெல்லாம் பறந்துவிட்டது. "அதுவ யாரும் கார்டுக்குக் காத்துக்கிட்டு இல்ல. நம்ம புள்ளையும் காத்துக்கிட்டு இல்ல."

"எந்தப் புள்ள?"

"உள்ள இருக்க புள்ள."

சாந்தகுமார் அவளைப் பார்த்தார். ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தார். உதடு அசைந்தது. அந்த மூணு வார்த்தையை மட்டும் இப்போது சொன்னாரென்றால் வயிற்றில் கட்டியிருக்கிற பையைப் பிடுங்கிக் கடலில் எறிந்துவிடுவது என்று கிருபா தீர்மானித்தாள்.

"கிருபா... இங்க பொறந்தா..."

"பொறந்தா?"

"சிட்டிசன்லா!" அலறிக்கொண்டு எழுந்து நின்றார். படகு ஆடியது. "ஒரு ஃபார்ம் கிடையாது, வக்கீல் கிடையாது, பொறந்த அன்னைக்கே சிட்டிசன்! நாலு வருஷமா நான் வாசல்லயே நிக்கேன், இவன் என்னத் தாண்டி உள்ள போயிட்டானே ஏட்டி!"

"இவளா இருந்தா?"

"அவளும்தான்! ரெண்டு பேரும் வரட்டும்!"

என்ன சொல்கிறோம் என்று தெரிந்துதான் சொன்னாரோ என்னவோ. அவள் தோளைப் பிடித்து உலுக்கினார், அழுதார், பைனாகுலர்காரருக்குக் கை கொடுத்தார். இவர் ஏதோ அபூர்வப் பறவையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து அந்தத் தம்பதி கைதட்டினார்கள். பிறகு திடீரென்று கோட்டின் ஞாபகம் வந்தது மனுஷனுக்கு.

"மேடம்! திருப்புங்க, மெதுவா, மெதுவா! படகுல ஒரு அமெரிக்கன் சிட்டிசன் இருக்காங்க!"

"நானும் சிட்டிசன்தான் சார். எனக்காக யாரும் இப்படிப் பதறினதில்லையே," என்றாள் ஆக்னஸ்.

திரும்பும் வழியெல்லாம் வெயில் முதுகில் அடித்தது. சாந்தகுமார் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டே வந்தார். ஜாக்கெட்டைத் தளர்த்தி, வயிற்றில் உறுத்திய பையை அவிழ்த்து, அதைப் பலகையில் போட்டு அவளை அதன்மேல் உட்காரச் சொன்னார். ஈரம் படக்கூடாதாம். மறுபடி பழைய ஆளாகிக் கணக்குப் போடுகிறாரோ என்று கிருபாவுக்கு உள்ளூர ஒரு பயம்.

"கிருபா," என்றார் கடைசியில். "வீட்டுக்குப் போனதும் சீலிங்ல கொக்கி ஒண்ணு அடிக்கணும்."

கிருபா கரையைப் பார்த்தபடி, குரலை அவர் மாதிரியே வைத்துக்கொண்டு, "கிரீன் கார்டு வரட்டும்," என்றாள்.

"அது வரும்போது வரட்டும்டி. தொட்டில எதுல கட்ட?"